களை சாக வேணும், நெல் தப்ப வேணும்: புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளை எப்படித் தேடுகிறார்கள்?

மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நுண்ணுயிர்ப் பாடம் தொடங்கிய அன்று முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், டெட்டோல் ஊத்தினா எல்லாக் கிருமியும் சாகுதுதானே. மறுகா என்னத்துக்குப் புது மருந்து இல்லையெண்டு கவலைப்படுறாங்க?" பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அதே கிழமை கரடியனாற்றில் இருந்து பெரியப்பா கோல் எடுத்தார். குடும்ப வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு செய்தி போட்டிருந்தார்கள். ஏதோ ஓர் இலைச்சாறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியைக் கொன்றுவிட்டதாம், ஆய்வுகூடத்தில் நிரூபித்தும் விட்டார்களாம். "உண்மையா மனே? அப்பிடியெண்டா ஆஸ்பத்திரியில ஏன் அதைக் குடுக்கிறாங்க இல்ல?"

இரண்டு பேருக்கும் விடை ஒன்றுதான். கிருமியைக் கொல்வது எளிது. வெந்நீர் கொல்லும், பிளீச் கொல்லும், நல்ல வெயிலே பல கிருமிகளைக் கொல்லும். ஓர் ஆளுக்குள் புகுந்த கிருமியை, அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் கொல்வதுதான் கடினம்.

## களையும் நெல்லும்

பெரியப்பா வெள்ளாமைக்காரர். அதனால் வயலை வைத்தே விளங்கப்படுத்தினேன். விதைத்துக் கொஞ்ச நாளில் நெல்லோடு நெல்லாக நெற்சப்பியும் எழும்பும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குனிந்து இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நெற்சப்பிக்கு அது இருக்காது.

நெருப்பு வைத்தால் நெற்சப்பி சாகும், வயலும் போகும். வெள்ளாமைக்காரர் தேடுவது வேறு மருந்து. புரோப்பனில் என்று ஒரு களைநாசினி ஒரு காலத்தில் இலங்கை வயல்களில் நிறைய அடிக்கப்பட்டது. அதை உடைத்துப்போடும் நொதியம் ஒன்று நெல்லுக்குள் இருக்கிறது. (நொதியம் என்பது உயிர்க்கலத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே இருக்கும் புரதம்.) நெற்சப்பிக்குள் அந்த நொதியம் போதிய அளவு இல்லை. ஒரே மருந்து இரண்டின் மேலும் விழும். நெற்சப்பி கருகும், நெல் நிமிர்ந்து நிற்கும்.

இதற்குத் தெரிவு நச்சுத்தன்மை என்று பெயர். எதிரிக்கு நஞ்சாகவும் நமக்கு நஞ்சில்லாமலும் இருக்கும் குணம். ஒரு பொருள் மருந்தாகுமா என்று பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மற்றச் சொற்களையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம், பாதிக் குழப்பம் சொற்களால்தான் வருகிறது. டெட்டோல், பிளீச் மாதிரி உடம்புக்கு வெளியே பாவிப்பது கிருமிநீக்கி. பெரியப்பாவின் கணக்கில் அது நெருப்பு வகை. உடம்புக்குக் கொடுக்கக்கூடிய, நுண்ணுயிர்களை அடக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் நுண்ணுயிரெதிர்ப்பி. அடக்கப்படுவது பக்டீரியாவாக இருக்கலாம், பங்கசாக இருக்கலாம், வைரசாகவோ மலேரியா ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். அதற்குள் பக்டீரியாவை மட்டும் தாக்கும் பிரிவுதான் நுண்ணுயிர்க்கொல்லி, நாங்கள் அன்டிபயோட்டிக் என்று சொல்வது. தடிமன் வைரசால் வருகிறது. அதற்கு அன்டிபயோட்டிக் கேட்பது, நெற்சப்பிக்கு அடிக்கிற மருந்தை நண்டுக்கு அடிக்கிற மாதிரி.

## வேலி கட்டும் கை

பெனிசிலின் எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பக்டீரியாவின் கலத்தைச் சுற்றிக் கலச்சுவர் என்று ஒரு வேலி இருக்கிறது. எங்கள் ஊர்க் கிடுகு வேலி மாதிரி, நீளவாட்டில் வரிச்சு, குறுக்கே கட்டுக்கயிறு. கலம் வளர வளர வேலியைக் கொஞ்சம் அவிழ்த்து, புதுத் துண்டு சேர்த்து, திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டும் வேலையைச் செய்வது ஒரு நொதியம். பெனிசிலின் மூலக்கூறு அந்தக் கட்டுக்கயிற்றின் நுனி மாதிரித் தோற்றம் கொண்டது. நொதியம் அதைக் கயிறு என்று நம்பிப் பிடிக்கிறது. பிடித்த கை பிறகு விடுபடுவதில்லை. அவிழ்க்கும் வேலை நடக்கிறது, கட்டும் வேலை நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் வேலியைத் தள்ளுகிறது, கலம் வெடிக்கிறது.

மனிதக் கலத்துக்கு இப்படி ஒரு வேலியே கிடையாது. அதனால் வேலி கட்டும் கையைப் பிடிக்கும் மருந்துக்கு எங்களுக்குள் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் பெனிசிலினைத் தாங்கிக்கொள்வது இதனால்தான்.

இப்போது வயலுக்குத் திரும்புவோம். புரோப்பனிலை வருடக்கணக்கில் அடித்த வயல்களில் என்ன நடந்தது? அந்த மருந்தை உடைக்கும் நொதியம் தற்செயலாகக் கூடுதலாக இருந்த ஒன்றிரண்டு நெற்சப்பிகள் தப்பின. அவற்றின் விதை விழுந்தது. சில போகத்துக்குப் பிறகு, மருந்துக்கு அசையாத நெற்சப்பி வயலை நிறைத்தது. பக்டீரியாவிலும் அச்சொட்டாக இதுதான் நடக்கிறது. பெனிசிலினை உடைக்கும் நொதியம் ஒன்று பக்டீரியாவில் இருப்பதை ஏப்ரகாம், செயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1940ஆம் ஆண்டே அறிவித்துவிட்டார்கள். அப்போது அந்த மருந்து நோயாளர் பாவனைக்கே வந்திருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புத்திறன் என்று பெயர். "என்ட உடம்பு அந்த மருந்துக்குப் பழகிட்டு" என்று பலர் சொல்வார்கள். உடம்பு பழகுவதில்லை, கிருமிதான் மாறுகிறது. மாறிய கிருமி அடுத்த வீட்டுக்கும் போகும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் சாவுகளுக்கு இப்படிப்பட்ட பக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

இதுவரை சொன்னதன் சாரம்: நல்ல நுண்ணுயிர்க்கொல்லி, கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. கிருமி காலப்போக்கில் அதற்கு மாற்றுக் கண்டுபிடிக்கிறது. ஆகவே புதுப் பிடிகள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

## மண்ணில் வலை வீசிய காலம்

பெனிசிலின் 1928இல் லண்டனில், அலெக்சாண்டர் பிளெமிங் மேசையில் விட்டுப்போன ஒரு கண்ணாடித் தட்டில் தற்செயலாகத் தென்பட்டது. மருந்து தேடுவதை ஒரு முறையான தொழிலாக்கியவர் அமெரிக்காவில் இருந்த செல்மன் வக்ஸ்மன். அவர் மண் ஆய்வாளர். மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஓர் இடத்துக்காகவும் இரைக்காகவும் ஒன்றோடொன்று அடிபடுகின்றன. அடிபட அவை ஆயுதம் வைத்திருக்கத்தானே வேண்டும்? அந்த ஆயுதங்களை எடுத்து வருவதே அவருடைய வழி.

செய்முறை மிக எளிது. ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஏகார் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி வளரவிடுவார்கள். முளைத்து வரும் ஒவ்வொரு நுண்ணுயிரையும் நோய்க்கிருமி பரப்பிய இன்னொரு தட்டின் நடுவில் வைப்பார்கள். அடுத்த நாள் தட்டு முழுக்க நோய்க்கிருமி மங்கல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். நடுவில் வைத்த நுண்ணுயிர் ஆயுதக்காரனாக இருந்தால் அதைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டம் தெளிந்து கிடக்கும். அந்த வட்டத்துக்குள் கிருமி வளரவில்லை. இந்தத் தெளிந்த வட்டத்தை இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைத்திருங்கள்.

வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் 1943இல் அல்பேர்ட் ஷட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். கசநோய்க்குக் கிடைத்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க மண் அள்ளினார்கள். வன்கோமைசின் போர்னியோக் காட்டு மண்ணில் இருந்து வந்தது, எரித்திரோமைசின் பிலிப்பைன்ஸ் மண்ணில் இருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆய்வுத் தலைவராக இருந்த நிறுவனத்தில்தான் 1940களில் முதல் டெட்ராசைக்கிளின் மருந்தான ஓரியோமைசின் பிறந்தது. அதுவும் ஒரு பிடி மண்தான், மிசூரி பல்கலைக்கழகத்தின் பரிசோதனை வயல் மண். அந்தக் குடும்பத்தில் அடுத்து வந்ததற்கு மண்ணின் பெயரையே வைத்து டெராமைசின் என்றார்கள். 'டெரா' என்றால் இலத்தீனில் நிலம். அந்த டெராமைசின் மூலக்கூறைத் திருத்திச் செய்த பிள்ளைதான் டொக்சிசைக்கிளின்.

டொக்சிசைக்கிளின் என்ற பெயர் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளாமை வேலை தொடங்கும்போது எலிக்காய்ச்சல் வராமல் இருக்கப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மகாத்தயா கொடுக்கிற குளிசை அது. வயல் மண்ணில் இறங்குகிறவர், எங்கோ ஒரு பிடி மண்ணில் இருந்து வந்த மருந்தை விழுங்கிவிட்டு இறங்குகிறார். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

## வலை ஏன் வெறுமையாக வந்தது

1960களுக்குப் பிறகு வலையில் புது மீன் விழுவது குறைந்தது. அதே கண்ணுள்ள வலையை அதே இடத்தில் வீசினால் அதே மீன்தான் வரும். மாதக்கணக்கில் பாடுபட்டுத் தெளிந்த வட்டத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தால், அது ஏற்கனவே தெரிந்த ஸ்ட்ரெப்டோமைசினாக இருக்கும்.

இதற்கு ஒரு காரணம் பின்னால்தான் தெளிவாகியது. மண்ணில் இருக்கும் பக்டீரியாக்களில் ஏறக்குறைய 100இல் ஒன்றுதான் ஆய்வுகூடத் தட்டில் வளரும். மற்றவை அங்கே பட்டினி கிடந்தோ துணையில்லாமலோ ஒடுங்கிவிடும். 40 வருடமாக உலகம் அள்ளி அள்ளிப் பார்த்தது அந்த ஒரு பங்கை மட்டும்.

1990களில் வேறு வழி ஒன்று கவர்ச்சியாகத் தெரிந்தது. பக்டீரியாவின் மரபணுக்கள் முழுவதையும் வாசித்தாயிற்று, உயிர்வாழ எந்த நொதியம் கட்டாயம் தேவை என்று தெரியும், அதை அடைக்கும் இரசாயனத்தை இலட்சக்கணக்கான பொருட்களுக்குள் இயந்திரம் வைத்துத் தேடலாம் என்று நினைத்தார்கள். கிளாக்சோ நிறுவனம் 1995 முதல் 2001 வரை இப்படி 70 தேடல்களை நடத்தியது. முன்னே கொண்டுபோகக்கூடியதாகக் கையில் மிஞ்சியது ஐந்து. அந்த அனுபவத்தை அவர்களே 2007இல் வெளிப்படையாக எழுதினார்கள். தோல்வியை இப்படி எழுதி வைப்பது அரிது, அந்தத் துறைக்கே அது பெரிய உதவியாக இருந்தது என்பது என் எண்ணம்.

ஏன் தோற்றது? நொதியத்தைத் தனியாக எடுத்துப் பரிசோதித்தால் அடைக்கும் பொருள் கிடைக்கிறது. அதே பொருள் உயிருள்ள பக்டீரியாவுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிகளை இன்று அதிகம் வாட்டும் கிருமிகளில் பல கிராம் எதிர் பக்டீரியா என்ற வகை. இவற்றுக்குக் கலச்சுவர் வேலிக்கு வெளியே இன்னொரு கொழுப்பு மென்சவ்வும் இருக்கிறது, இரட்டை மதில். அதைத் தாண்டி உள்ளே போனாலும் ஆபத்து முடியவில்லை. வாவியில் தோணி கொஞ்சம் ஒழுகினால் என்ன செய்வோம்? ஏறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவோம். இந்தப் பக்டீரியாக்களும் உள்ளே வந்த மருந்தை அப்படியே அள்ளி வெளியே ஊற்றும் பம்பிகளை மென்சவ்வில் வைத்திருக்கின்றன. மருந்து ஏறுகிற வேகத்தைவிட அள்ளுகிற வேகம் கூடினால் தோணி தாழாது.

மதிலைத் தாண்ட ஒரு அழகான தந்திரம் பிறகு வந்தது. பக்டீரியாவுக்கு இரும்பு வேண்டும், எங்கள் உடம்போ இரும்பை ஒளித்து வைக்கிறது. அதனால் பக்டீரியா இரும்பைக் கண்டால் தானே வாசல் திறந்து உள்ளே தூக்கிப்போகும். செஃபிடெரோகோல் என்ற மருந்தை இரும்பைப் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். கிருமி இரும்பென்று தூக்கிக்கொண்டு போவது தன் வேலி கட்டும் கையைப் பிடிக்கப்போகும் மருந்தை. 2019இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

## வாவிக்குள்ளேயே கூண்டு

தட்டில் வளராத 99 பங்கை என்ன செய்வது? வாவி மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும். அதே வாவிக்குள் கூண்டு கட்டி விட்டால் வளரும். அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டைனும் கிம் லூயிசும் செய்தது இதைத்தான். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் போட்ட ஒரு சிறு பலகை, ஐசிப் என்று பெயர். மண்ணைக் கரைத்து, ஒரு துளைக்கு ஏறக்குறைய ஒரு பக்டீரியா விழும்படி நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வால் மூடுவார்கள். அந்தச் சவ்வால் நீரும் சத்தும் போகும், பக்டீரியா போகாது. பிறகு பலகையை எடுத்த மண்ணுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று பக்டீரியா வளர்கிறது. 100இல் ஒன்று வளர்ந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய பாதி வளர்ந்தது.

இப்படி வளர்ந்த சுமார் 10,000 நுண்ணுயிர்களைச் சோதித்ததில் 2015இல் டெய்க்சோபக்டின் என்ற பொருள் வெளிவந்தது. அது வேலி கட்டும் கையைத் தொடுவதில்லை; கட்டுவதற்கு எடுத்து வைத்த வரிச்சையே பிடித்து வைத்துக்கொள்கிறது. கையின் வடிவத்தைப் பக்டீரியா மாற்றிக்கொள்ளலாம். வரிச்சின் வடிவத்தை மாற்றினால் வேலியே நிற்காது. அதனால் ஆய்வுகூடத்தில் இதற்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை உண்டாக்க முயன்றும் அவர்களால் முடியவில்லை. ஒரு குறையும் உண்டு. இரட்டை மதில் உள்ள கிருமிகளிடம் இது பெரும்பாலும் எடுபடாது.

## மூக்கு, புழு, சமைக்காத கறி

மண்ணை விட்டு வேறு இடங்களிலும் தேடத் தொடங்கினார்கள். 2016இல் ஜேர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித மூக்குக்குள் வாழும் ஒரு பக்டீரியாவில் லக்டுனின் என்ற பொருளைக் கண்டார்கள். 2019இல் டாரோபக்டின், மண்ணில் வாழும் நுண்புழுவின் குடலில் இருக்கும் பக்டீரியாவிடம் இருந்து. இந்தத் தெரிவில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. அந்தப் பக்டீரியா தன்னைச் சுமக்கும் புழுவைக் கொல்லாமல் மற்றக் கிருமிகளை மட்டும் விரட்ட வேண்டிய நிலையில் வாழ்கிறது. நெல்லை விட்டுக் களையை மட்டும் கொல்லும் வேலையை இயற்கை அங்கே முன்கூட்டியே பாதி செய்து வைத்திருக்கிறது.

அப்புறம், தெரிந்த பக்டீரியாக்களிடமே தெரியாத பொருட்கள் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பக்டீரியா இனம் ஒன்றின் மரபணுத் தொகுதியை 2002இல் முழுதாக வாசித்தபோது 20க்கும் மேற்பட்ட பொருட்களைச் செய்யும் குறிப்புகள் அதில் இருந்தன. அதுவரை அதனிடம் கண்டிருந்ததோ சிலதைத்தான். கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 20 கறி தெரியும், ஆனால் நாங்கள் எப்போதும் கேட்பது கத்தரிக்காய்ப் பாற்கறியும் பருப்பும்தான். மற்றவற்றைச் சமைக்க வைக்க அடுப்பை, சாமானை, துணையாளை மாற்றிப் பார்க்க வேண்டும். அல்லது குறிப்பைப் பிரதி எடுத்து வேறொரு சமையல்காரரிடம், அதாவது வளர்க்கச் சுலபமான இன்னொரு பக்டீரியாவிடம், கொடுக்க வேண்டும். இரண்டு வேலையும் இன்று நடக்கின்றன.

## கணினி என்ன செய்கிறது

"ஏ.ஐ. புது அன்டிபயோட்டிக் கண்டுபிடித்துவிட்டது" என்று அடிக்கடி தலைப்பு வருகிறது. நடந்தது என்ன என்பதைப் பார்த்தால் தலைப்பைவிட அது சுவையானது.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முதலில் பழைய முறையில்தான் தொடங்கினார்கள். 2,335 பொருட்களை ஈ. கோலை என்ற பக்டீரியாவில் ஒவ்வொன்றாகச் சோதித்து, எது வளர்ச்சியை நிறுத்துகிறது, எது நிறுத்தவில்லை என்ற பட்டியலைக் கணினிக்குக் கொடுத்தார்கள். எந்த மாதிரி மூலக்கூறு அமைப்பு கிருமியை அடக்குகிறது என்பதைக் கணினி அதில் இருந்து பழகியது. மாட்டுப் பட்டியில் வளர்ந்தவர் மாட்டைப் பார்த்ததும் பால் கணக்குச் சொல்வாரே, அப்படி ஒரு பழக்கம். பிறகு வேறு நோய்களுக்கென்று ஆராயப்பட்ட சுமார் 6,000 பொருட்களின் பட்டியலைக் காட்டி, இதில் எது கொல்லும் என்று கேட்டார்கள். அது காட்டியவற்றில் ஒன்று, நீரிழிவுக்காக முன்பு ஆராயப்பட்ட ஒரு பொருள். அதற்கு ஹலிசின் என்று பெயர் வைத்தார்கள். எலிகளில் கடும் தொற்றை அது மாற்றியது. அதன் பின் 10 கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினி சில நாட்களில் அலசியது. கையால் செய்ய முடியாத வேலை.

ஆனால் கவனியுங்கள். கணினி சொன்னது, "இவற்றை முதலில் சோதித்துப் பாருங்கள்" என்ற ஆலோசனை மட்டும்தான். தட்டில் வைத்துப் பார்த்தது ஆட்கள். ஹலிசின் இன்னும் நோயாளருக்குக் கொடுக்கும் மருந்தாகவில்லை.

சாரமாகச் சொன்னால், வளராததை வளர்ப்பது, தேடாத இடத்தில் தேடுவது, பக்டீரியாவின் குறிப்பை வாசிப்பது, கணினியால் முன்தெரிவு செய்வது எல்லாம் தெளிந்த வட்டம் வரை விரைவாகப் போய்ச் சேரும் வழிகள். வட்டத்துக்குப் பிறகுதான் நீண்ட பாதை.

## தட்டில் இருந்து ஆளுக்கு

பெரியப்பாவின் இலைச்சாற்றுக்கு இப்போது வருவோம். அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எத்தனையோ இலைச்சாறுகள் தட்டில் தெளிந்த வட்டத்தைக் காட்டும். டெட்டோலும் காட்டும்.

அடுத்த கேள்விகள் இவை. எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது? அந்த அளவு இரத்தத்தில் சேர ஓர் ஆள் ஒரு குடம் சாறு குடிக்க வேண்டியிருந்தால் அது மருந்தில்லை. குடலில் உறிஞ்சப்படுமா? ஈரல் அதை உடைத்துவிடுமா? சிறுநீரகத்தைக் கெடுக்குமா? தொற்று உள்ள நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்ச் சேருமா? எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கும்? இதெல்லாம் சரிவந்த பிறகு சுகதேகிகள் சிலரில் பாதுகாப்பு பார்ப்பது, பிறகு நோயாளர் சிலரில் அளவு பார்ப்பது, பிறகு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நோயாளரில் ஏற்கனவே உள்ள மருந்தோடு ஒப்பிடுவது. 10 முதல் 15 வருடம் எடுக்கும்.

இலையில் இருந்து மருந்து வரவே வராது என்று நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் ஒரு சீன மூலிகையில் இருந்து வந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்த சீன ஆய்வாளர் தூ யூயூ மூலிகையை அவித்துக் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. சூடு அதன் வீரியத்தைக் கெடுக்கிறது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்து, எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்பதைப் பிடித்த பிறகுதான் அது மருந்தானது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தட்டுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1941 மனதில் வரும். இங்கிலாந்தில் அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரர் தொற்று முற்றி, ஒரு கண்ணையும் இழந்து, ஒக்ஸ்போர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெப்ரவரியில் அவருக்குப் பெனிசிலின் ஏற்றத் தொடங்கினார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட்டார். உலகத்தில் இருந்த பெனிசிலினோ மிகக் கொஞ்சம். அவர் கழித்த சிறுநீரைச் சேர்த்து, அதில் வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அதுவும் முடிந்தது. தொற்று திரும்பியது, மார்ச்சில் அவர் இறந்தார். பிளெமிங்கின் தட்டில் வட்டம் தெரிந்து 12 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து இருந்தது, அது வேலையும் செய்தது. போதிய அளவு செய்யும் வழிதான் இருக்கவில்லை.

## காசு

இது சுருக்கமாகச் சொல்லக்கூடியது, ஆனால் பலருக்குத் தெரியாதது. நீரிழிவுக் குளிசையை ஒருவர் ஆயுள் முழுக்கப் போடுவார். நுண்ணுயிர்க்கொல்லி ஒரு கிழமை, இரண்டு கிழமை. அதிலும் புது மருந்து வந்தால், எதிர்ப்புத்திறன் வராமல் இருக்க அதை அலுமாரியில் வைத்துக் கடைசி நேரத்தில் மட்டும் எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் சரி. ஆனால் விற்காத மருந்தைச் செய்தவர் எப்படி நிற்பார்? அகேயோஜன் என்ற அமெரிக்கக் கம்பனியின் பிளாசோமைசினுக்கு 2018 யூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பனி வங்குரோத்தானது.

இதற்கும் புதுவழி தேடுகிறார்கள். இங்கிலாந்து 2022இல், முன்னே சொன்ன செஃபிடெரோகோல் உட்பட இரண்டு மருந்துகளுக்கு, எத்தனை பேர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தத் தொடங்கியது. ஊர்த் தீயணைப்புப் படைக்குச் சம்பளம் கொடுப்பது போல. நெருப்புப் பிடித்த நாட்களுக்கு மட்டும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

## எங்கள் வட்டை மண்

அந்தப் பாடம் முடிகிற நேரத்தில் அதே பிள்ளை திரும்பக் கேட்டாள்: "சேர், அப்ப எங்கட வட்டை மண்ணை எடுத்து நாமளும் தேடுவமா?"

ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஈர வயல் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பக்டீரியா வாழ்கிறது. காலில் உள்ள சிறு காயத்தால் போகும், நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். இரட்டை மதிலும் அள்ளி ஊற்றும் பம்பிகளும் அதனிடம் இருக்கின்றன. பெனிசிலின் எடுபடாது. முதலில் ஆஸ்பத்திரியில் ஊசி மூலம் குறைந்தது இரண்டு கிழமையாவது, பிறகு குளிசை மூன்று மாதமாவது எடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு நீரிழிவு இருக்கிறது. சிறுபோகம் தொடங்குமுன் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போடுகிறாரா என்று தெரியவில்லை. வயல் மண்ணைத் தட்டில் வளர்க்கப் பாதுகாப்பான ஆய்வுகூடம் வேண்டும், ரியூசன் வகுப்பு மேசை போதாது.

அதற்குப் பதிலாகப் பாண் போடும் ஈஸ்ட்டைத் தட்டில் பரப்பினோம். அது ஒரு பங்கசு, ஆபத்தில்லாதது. ஒரு பக்கம் நசித்த உள்ளிச்சாறு ஒரு துளி, மற்றப் பக்கம் டெட்டோல் ஒரு துளி. அடுத்த நாள் இரண்டைச் சுற்றியும் தெளிந்த வட்டம். அவள் அடிமட்டம் வைத்து அளந்தாள். கொப்பியில் இரண்டு நிரல் கீறி, உள்ளிக்கு இவ்வளவு மில்லிமீற்றர், டெட்டோலுக்கு இவ்வளவு என்று எழுதினாள். பிறகு பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிரல் கீறி, தலைப்பில் "நெல்" என்று எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டாள்.